தலைவரின் வெள்ளி முகம்

ஒற்றுமைக்காக வெள்ளி நாணயம் அடித்த எங்கள் தமிழ்ச் சங்கம், போன மாதம் இரண்டாக உடைந்தது. டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரில், பகல் சாப்பாட்டுக்கு முன்பாகவே!

கொஞ்சம் முன்கதை சொல்ல வேண்டும்.

சங்கத் தலைவர் தவராசா அண்ணை எங்களை பஸ்ஸில் ஏற்றி ஓர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனார். நாங்கள் வாழும் இந்த யூட்லாந்துப் பகுதியின் வயல்களில் கிடைத்த ரோமானிய வெள்ளி நாணயங்கள் அங்கே இருந்தன. ஒரு பக்கம் பேரரசரின் தலை. மறுபக்கம் தெய்வம், வெற்றி மாலை, சிலவற்றில் கைகுலுக்கும் இரண்டு கைகள். படைவீரனுக்கு அது சம்பளம், பேரரசருக்கு விளம்பரம். அவரை நேரில் பார்க்காதவனும் அவர் முகத்தைப் பையில் சுமந்து திரிய வேண்டும்... அந்தக் காலத்து பேஸ்புக், வேறென்ன?

"இந்தக் கைகள் எதற்கு?" என்று வழிகாட்டிப் பெண்ணிடம் டேனிஷில் கேட்டேன்.

"ஒற்றுமை" என்றாள். "தன் படையையே நம்ப முடியாத பேரரசர்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும்."

அண்ணை காதில் முதல் சொல் மட்டுமே விழுந்தது. மிச்சத்தைக் கேட்காமல் செல்பி எடுக்கப் போய்விட்டார்.

அப்போது சங்கத்தில் பெரிய சண்டை. ஆண்டுவிழாவில் குத்துவிளக்கின் முதல் திரியை யார் ஏற்றுவது? உலகப் பிரச்சினை! அடுத்த பொதுக்கூட்டத்தில் அண்ணையின் பதவி போய்விடும் என்று எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். அந்த நாற்காலி இல்லாவிட்டால் மனிதருக்குச் சோறு இறங்காது.

"தம்பி, நாங்களும் ஒரு வெள்ளிக்காசு அடிப்பம்" என்றார் என்னிடம். "ரெண்டு கை போட்டு, ஒற்றுமை எண்டு எழுதுவம்."

"மற்றப் பக்கம், அண்ணை?"

"தலைவர்ர முகம்தான். எனக்கு ஆசையில்லை... அது முறையெல்லே!"

அடித்தார் — சங்கக் காசில். நேரில் அவர் தலையில் இல்லாத முடியெல்லாம் நாணயத்தில் இருந்தது.

பொதுக்கூட்ட வாசலில் நின்று ஆளுக்கொன்று கொடுத்தார். எல்லோரும் பல்லைக் காட்டி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, உள்ளே போய் அவருக்கு எதிராகக் கை தூக்கினார்கள். கோபித்து வெளியேறிய அவருடைய ஆட்கள் கார் நிறுத்துமிடத்திலேயே புதுச் சங்கம் தொடங்கினார்கள். அதற்கும் அவரைத் தலைவராக்கவில்லை! எனக்கே பாவமாகிவிட்டது.

நேற்று ஆறுதல் சொல்ல அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி பவானி அக்கா வந்து கதவைத் திறந்தார். நடக்க நடக்கக் கலகலவென்று சத்தம். காலில் புதுக் கொலுசு!

"இவற்ர முகம் தங்களுக்கு வேண்டாமெண்டு பழைய சங்கத்தின்ர புதுக் கமிட்டி மிஞ்சின வெள்ளிக்காசைப் பெட்டியோட அனுப்பிப்போட்டுது. உருக்கிச் செய்விச்சனான். வெள்ளி நல்ல வெள்ளி, தம்பி."

ரோமானிய நாணயங்களுக்கும் அந்தக் காலத்தில் இந்த நாட்டில் இதே கதிதான். இங்கிருந்தவர்களுக்குப் பேரரசர் யாராக இருந்தால் என்ன? பலதை உருக்கி நகை செய்துவிட்டார்கள்.

அண்ணை சோபாவில் வாயே திறக்கவில்லை. ஆனால் அக்கா தேநீர் கொண்டுவந்தபோது அவருடைய வெள்ளி முகம் வீடு முழுக்கச் சத்தம் போட்டது. அக்கா உட்கார்ந்தார். சத்தம் நின்றது.

தலைவரை நிறுத்த இப்படியொரு வசதி, சங்கத்துக்குக் கடைசிவரை கிடைக்கவேயில்லை!