குப்பைப் பெட்டியில் கிடந்த தேதி

செல்பேசியில் மின்னஞ்சல் வந்த சத்தம் கேட்டாலே எனக்குப் பயம்தான். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் நான். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். எது முக்கியம், எது விளம்பரம் என்று புரியாததால் எதையும் அழிக்க மாட்டேன்.

அப்போது என் கணவரின் கண்புரை அறுவைச் சிகிச்சைக்கு மருத்துவமனையிலிருந்து தேதி வர வேண்டியிருந்தது. பேருந்து எண்கூட அவருக்குத் தெரியவில்லை. தேதி மின்னஞ்சலில் வரும் என்றார்கள். வந்ததெல்லாம் புடவைத் தள்ளுபடியும் மூட்டுவலி மாத்திரையும்தான்.

ஞாயிறு பூசை முடிந்து தெம்பனிசில் இருக்கும் தன் வீட்டிலிருந்து வந்த மகள் என் செல்பேசியைப் பார்த்துத் தலையில் கைவைத்தாள்.

“அப்பா பேர்ல வருது, தம்பி பேர்ல வருது. செத்துப்போன சித்தப்பாவுக்குக்கூட டிஸ்கவுண்ட் வருதேம்மா!”

“அவன் உயிரோட இருந்தப்போகூட யாரும் அவனை இப்படி விசாரிச்சதில்ல” என்றார் கணவர்.

நாங்கள் மாதா கோயில்காரர்கள்தான். ஆனாலும் சிராங்கூன் சாலையின் தீபாவளிக் கூட்டத்தை விட்டதில்லை. கடைகளில் அதிர்ஷ்டக் குலுக்கல் கூப்பன் கொடுப்பார்கள். குடும்பத்தில் எல்லார் பெயரிலும் எழுதிப் போடுவேன். மின்னஞ்சல் முகவரி மட்டும் எல்லாவற்றிலும் என்னுடையது.

“ஏதாவது விழுந்துச்சா?” என்று கேட்டாள் மகள்.

“ஒரு குடை விழுந்துச்சு. மொத மழையிலேயே மடங்கிடுச்சு” என்றார் அவர்.

“தெரிஞ்ச கடைன்னா கீழ ‘அன்சப்ஸ்கிரைப்’ இருக்கும், அத அழுத்துனா அனுப்புறத நிறுத்திடுவாங்க. தெரியாத ஆளுன்னா உள்ள எதையும் தொடாதீங்க, ஸ்பேம்னு குப்பைப் பெட்டிக்குத் தள்ளிடுங்க. அவ்வளவுதான் லா, பயப்படாதீங்க” என்றாள் மகள்.

மறுநாள் வேலை முடிந்து பொங்கோலில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பும் ரயிலில், நின்றுகொண்டே தள்ள ஆரம்பித்தேன். கால் கடுத்தது, கண் எரிந்தது. பெயர் புரியாததையெல்லாம் தள்ளினேன். அதற்குப்பின் செல்பேசி அமைதியானது. அந்த அமைதியும் எனக்குப் பயத்தைத்தான் கொடுத்தது.

தேதி வரவேயில்லை.

“நீ தள்ளினதுல அதுவும் போயிருக்கும். அந்தக் குப்பைய ஒருதடவ கிளறிப் பாரேன்” என்றார் அவர்.

கிளறினேன். மருத்துவமனையிலிருந்து வந்த முதல் கடிதத்தையே நான் ஸ்பேம் என்று தள்ளியிருக்கிறேன். அடுத்து வந்த நினைவூட்டலும் தானாகவே அங்கே போய் விழுந்திருந்தது. அறுவைச் சிகிச்சை மறுநாள் காலை. வருவதை உறுதிசெய்யாவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும் என்று போட்டிருந்தது.

மருத்துவமனைக்குத் தொலைபேசியில் அழைத்தேன். காத்திருக்கச் சொல்லி இசை ஓடியது. கடைசியில் ஒரு பெண், “இன்னும் யாருக்கும் குடுக்கல ஆன்ட்டி, கூட்டிட்டு வாங்க” என்றாள். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அவருக்கு இப்போது பேருந்து எண் தூரத்திலேயே தெரிகிறது. கடைகளில் முகவரி கேட்டால், இல்லை என்று சொல்லிவிடுகிறேன். மருத்துவமனைக் கடிதம் இனி ஸ்பேமுக்குப் போகாது, சரிசெய்துவிட்டேன் என்கிறாள் மகள். இருக்கலாம். ஆனாலும் முன்பு ஒரு பெட்டியைப் பார்த்துக் கவலைப்பட்டேன். இப்போது குப்பைப் பெட்டியையும் சேர்த்து, தினமும் இரண்டையும் பார்க்கிறேன்.