லீவு முடிந்த மறுநாள்

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் டாக்டர் கமலவேணியின் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரைப் பார்த்துத்தான் விஷயம் தெரிந்தது. படத்துக்குக் கீழே ‘சாந்தமே உருவானவர்’ என்று போட்டிருந்தார்கள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. எழுதியவர் ராஜபாளையத்தில் அந்த அம்மாவின் கிளினிக்கை எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். அங்கே திட்டு வாங்காத நோயாளி யார்? ஊருக்கே தெரியும்.

நான் மில்லில் பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பகுதியில் வேலை பார்த்தவன். எண்பதுகளில் எனக்கு நெஞ்சை இறுக்கிக் கட்டியதுபோல மூச்சு முட்டியது. டி.பி. என்று பேச்சுக் கிளப்பி, கணக்கை முடித்து என்னை வீட்டுக்கு அனுப்பப் பார்த்தார்கள். கமலவேணி டாக்டர் சளியைச் சோதித்தார், எக்ஸ்ரேயும் பார்த்தார். டி.பி. இல்லை.

“அப்போ பீடிதான்” என்றார் கூட வந்த சூப்பர்வைசர்.

“ஒங்ககிட்ட கேட்டனா?” என்று அவர் வாயை அடைத்துவிட்டு டாக்டர் என் பக்கம் திரும்பினார். “ஏலே, ஒனக்கு வார லீவு என்னைக்கு?”

“புதன்கெழம.”

“மூச்சு என்னைக்கு ரொம்ப முட்டுது?”

“வியாழக்கெழம. பொறவு கொஞ்சங்கொஞ்சமா கொறையும். லீவுல ஒண்ணும் இல்ல.”

“லீவுல பீடி?”

“அன்னைக்குத்தான் ஜாஸ்தி.”

“பீடின்னா அன்னைக்குல்ல முட்டணும்?”

அதோடு விடவில்லை. வேறு கிழமையில் லீவு எடுப்பவன் ஒருவனைக் கூட்டிவரச் சொன்னார். பக்கத்து மிஷின் மாரிமுத்துவோடு போனேன். பீடியே தொடாதவன், ஞாயிறு லீவுக்காரன். அவனுக்குத் திங்கட்கிழமை முட்டியது. ஓய்வில் தெளிந்த நெஞ்சு மறுநாள் தூசியைக் கண்டதும் முரண்டு பிடிக்கிறது என்று விளக்கிவிட்டு, பஞ்சுத்தூசியால் வந்த நோய் என்றே சர்டிபிகேட்டில் எழுதினார்.

தூசி நோய் என்றால் மில்தான் பொறுப்பேற்க வேண்டும் என்பதால் மேனேஜரே காரில் வந்து இறங்கினார். “ஆஸ்துமான்னு மாத்திக் குடுங்கம்மா. எங்க ஆளுக எம்புட்டுப் பேரு ஒங்ககிட்ட வாராங்க!”

“ஒங்க மில்லுல யாருக்கு என்னைக்கு லீவுன்னு ஆஸ்துமாவுக்கு எப்படிய்யா தெரியும்?” என்று கேட்டார் டாக்டர்.

அதன்பின் மில் தன் ஆட்களை வேறு டாக்டரிடம் அனுப்பியது. அந்த அம்மா அசரவில்லை. நான் தூசி குறைந்த பேக்கிங் பகுதிக்கு மாறினேன், வேலை போகவில்லை. அவர் சாந்தமாக இருந்திருந்தால் நான் வேலை போய்த் தெருவில் நின்றிருப்பேன்.

போஸ்டர் முன்னால் நிற்கும்போதே பக்கத்தில் ஒரு பெண் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மில்லில் வேலையாம், ஷிப்ட் முடிந்து வருகிறாராம். “ஆஸ்துமான்னு சொல்றாகண்ணே. ஆஸ்பத்திரிக்குத்தான் போறேன்” என்றார்.

“வார லீவு என்னைக்கும்மா?”

“நேத்துதாண்ணே.”

கமலவேணி அம்மாவிடமிருந்து எனக்குக் கிடைத்த சொத்து அந்த ஒரு கேள்விதான். அந்தப் பெண்ணோடு நானும் ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். உள்ளே டாக்டர் அதைக் கேட்காவிட்டால் நான் கேட்பேன். யார் வேண்டுமானாலும் முறைக்கட்டும்.