சுவராக உட்கார்ந்தவர்

முந்தாநாள் காலையில் பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது எங்கள் தியேட்டர் ஆபரேட்டர் போன் செய்தார். "பட்டம்மா யக்கா பூட்டாங்கண்ணே. வடக்கனந்தல்ல, மவ வூட்ல. தூக்கத்துலயே." பால் பாக்கெட்டும் கையுமாகத் தெருவிலேயே நின்றுவிட்டேன். படபடவென்று பேசும் அந்தக் குரல் இனி இல்லை என்பதை மனம் ஏற்கவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் இருக்கும் எங்கள் பழைய டாக்கீஸில், பெண்கள் வாசலில் டிக்கெட் கிழித்தவர் பட்டம்மாள். கவுண்டரில் டிக்கெட் கொடுத்தவன் நான். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என்னிடம் வந்தார். "தம்பி, பொம்பளைங்க ஜன்னலத் தொறக்காம அந்தாண்ட ஆம்பளைங்களுக்கு டிக்கெட் குடுத்தன்னு வச்சிக்க, நான் சும்மா இருக்க மாட்டேன்" என்றார். முதலாளிக்குப் பயந்ததைவிட அவருக்குப் பயந்துதான் நான் ஒழுங்காக வேலை பார்த்தேன்.

டாக்கீஸ் முதலில் கீற்றுக் கொட்டகையாக இருந்தது. பிறகு ஷீட் போட்டார்கள், மின்விசிறி வந்தது, வெள்ளைத் திரை பெரிதானது. ஆனால் ஒன்று மட்டும் மாறவே இல்லை. அது நடுவில் ஓடிய இடுப்பளவுச் சுவர். சுவருக்கு இடது பக்கம் பெண்கள், வலது பக்கம் ஆண்கள். காலையில் களை எடுத்துவிட்டு டவுன் பஸ் பிடித்து மேட்னிக்கு வரும் கச்சிராயபாளையத்துப் பெண்கள், கல்வராயன் மலையிலிருந்து சந்தைக்கு இறங்கிய பெண்கள், எல்லாரும் அங்கே காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே படம் பார்ப்பார்கள். படத்தில் பேசுவதைவிட அவர்கள் பேசுவதுதான் சத்தமாகக் கேட்கும்.

குஷன் சீட் போட முடிவு செய்த முதலாளி சுவரை இடிக்கச் சொன்னார். இடித்தால் இடம் பளிச்சென்று இருக்கும் என்றுதான் எனக்கும் தோன்றியது. பட்டம்மாள் அக்கா மட்டும் நேராக ஆபீஸ் அறைக்குள் போனார்.

"சொவுத்த இடிச்சுட்டா பொம்பளைங்க எங்க குந்துவாங்க மொதலாளி?"

"காலம் மாறிப்போச்சும்மா. இனிமே குடும்பத்தோட வரட்டும்."

"குடும்பத்தோட வர்றவளுக்குச் சொவுரு இன்னாத்துக்குங்க? தனியா வர்றாளே, அவளுக்குத்தாங்க சொவுரு."

முதலாளி சிரித்துச் சமாளித்தார். சுவரை இடித்துவிட்டார்கள்.

புது சீட்டில் முதல் மேட்னி. டவுன் பஸ்ஸில் வந்திறங்கிய பெண்கள் வாசல் வரை வந்து உள்ளே எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனார்கள். மறுநாளும் அதே கதைதான். அவர்களுக்கு ஊரில் வேறு போக்கிடம் கிடையாது. கோயிலுக்குப் போனால்கூட நாலு பேருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அடுத்த நாள் அக்கா தன் வாசலில் கிடந்த முக்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். சுவர் இருந்த நடுப்பாதையில் போட்டு உட்கார்ந்தார். இடது பக்கம் இருந்த ஆண்களை எழுப்பி அந்தப் பக்கம் அனுப்பினார். "இன்னா யக்கா, நடுவுல குந்திக்கினு?" என்று யாரோ கேட்டார்கள்.

"சொவுரு இல்லல்ல, அதான்."

பெண்கள் உள்ளே வந்தார்கள்.

விஷயம் கேள்விப்பட்ட முதலாளி வந்து எட்டிப் பார்த்தார். "சொவுத்துக்கெல்லாம் தனியா சம்பளம் கெடையாதும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதன்பிறகு மேட்னி என்றால் அக்கா நடுவில் இருப்பார். வருஷக்கணக்கில் இருந்தார். விசிலடிக்கும் பையன்கள்கூட அவரைத் தாண்டி இடது பக்கம் திரும்பியதில்லை.

பிறகு ஒரு நாள் மலையிலிருந்து வந்து இங்கே நர்சிங் படிக்கும் பெண் ஒருத்தி, தோழிகளோடும் கூடப் படிக்கும் பையன்களோடும் வந்தாள். எல்லாரும் கலந்து ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். படம் தொடங்கியதும் அந்தப் பெண் குனிந்து சொன்னாள்: "ஆயா, கொஞ்சம் எழுந்துக்கிறீங்களா? படம் மறைக்குது."

பின்னால் நின்றிருந்த நான் அக்காவையே பார்த்தேன். அக்கா அவளையும் அந்த வரிசையையும் பார்த்தார். "மறைக்குதா? சரிம்மா" என்று எழுந்து முக்காலியோடு வெளியே வந்துவிட்டார். மனசு உடைந்திருக்கும் என்று நினைத்துப் பின்னாலேயே ஓடினேன்.

"வருத்தமா யக்கா?"

"வருத்தம் இன்னாத்துக்கு? இதுங்க பயப்படாம வந்து குந்தணும்னுதான நான் அங்க குந்திக்கினு இருந்தேன்? குந்திடுச்சுங்க." முக்காலியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "ஆயான்னு கூப்ட்டுது பாரு, அதான் எரியுது." சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அதன்பின் அவர் நடுவில் உட்காரவே இல்லை.

நேற்று வடக்கனந்தலில் அவர் உடலை எடுத்தபோது, கரும்பு வெட்டை விட்டுவிட்டுப் பெண்கள் திரண்டு வந்திருந்தார்கள். மலையிலிருந்தும் வந்திருந்தார்கள். முச்சந்தி வந்ததும் பெரியவர் ஒருவர், "பொம்பளைங்க இத்தோட நின்னுக்குங்கம்மா" என்றார். அதுதான் வழக்கம்.

"அது எங்க யக்காங்க. நாங்களும் வர்றோம்" என்றாள் முன்னால் நின்றவள்.

பெரியவர் ஆண்களாகிய எங்கள் பக்கம் பார்த்தார். நாங்கள் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டோம். கைப்பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் எங்களைக் கடந்து சுடுகாட்டுப் பாதையில் இறங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் நாங்கள் நடந்தோம். எனக்கு அழுகையும் வந்தது, பெருமையாகவும் இருந்தது.

போய் வாருங்கள், அக்கா.