விசாரணையின் வலது காது

துறைமுகத்தில் அவரை எல்லோரும் ‘விசாரணை’ என்றுதான் கூப்பிடுவோம். ஈ பறந்தால்கூட எங்கே போகிறது, யாரைப் பார்க்கப் போகிறது என்று கேட்டுவிட்டுத்தான் விடுவார். கப்பலின் அடியில் ஒட்டும் சிப்பியையும் பாசியையும் மூழ்கிச் சுரண்டுவது அவர் வேலை. படகில் உட்கார்ந்து அவருடைய கயிற்றைப் பிடித்துக்கொள்வது என் வேலை. தண்ணீருக்கடியில் ஏது பேச்சு? கயிற்றை இழுத்துத்தான் சேதி சொல்வோம். அதனால் அவர் காது அடைபட்டு வந்தது எனக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. கேள்வி கேட்டுவிட்டுப் பதிலைக் கண்டுகொள்ளாமல் போனபோதெல்லாம் திமிர் என்று நினைத்திருந்தேன்.

காது டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். இரண்டு காதுக் குழாயிலும் எலும்பு வளர்ந்து வழியை மூடியிருக்கிறது, குளிர்ந்த தண்ணீர் வருஷக்கணக்கில் பட்டுப் பட்டு வருவது என்றார். நான் பயந்துபோய்ப் புற்றுநோயா என்று கேட்டேன்.

“சேச்சே, அதெல்லாம் இல்லை. ஒண்ணும் பண்ணாத எலும்புதான்.”

ஒன்றும் பண்ணாத எலும்பாம். ஒரு மனுஷனை அவன் வீட்டிலேயே விருந்தாளியாக உட்காரவைத்த எலும்பு. எனக்கு ஆத்திரமாக வந்தது.

வீட்டில் அவரோடு பேசுவதையே விட்டிருந்தார்கள். பாவம், எவ்வளவுதான் கத்துவார்கள்? சாப்பாடு தயார் என்றால் அவர் மனைவி, எனக்கு அண்ணி, தட்டைத் தட்டிக் காட்டுவார். மகள் போனில் எழுதிக் காட்டுவாள். மற்றபடி அவர்கள் பாட்டுக்குப் பேசிச் சிரிப்பார்கள். இவர் அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தாமதமாகச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியாது.

“ஒரு காது போதும்டா,” என்பார். “என் பொண்டாட்டி, பொண்ணு என்ன பேசுறாங்கன்னு தெரிஞ்சா போதும்.”

வலது காதில் முதலில் ஆபரேஷன் செய்தார்கள். காதுக்குப் பின்னால் கீறி, உள்தோலை ஒதுக்கி, சின்ன டிரில்லால் எலும்பைத் தேய்த்தெடுத்து, மருந்துத் துணியை வைத்து அடைத்தார்கள். அதை எடுக்கும் நாளை வீட்டில் ஒருநாள் தள்ளிச் சொல்லியிருந்தார். திடீரென்று போய் நிற்க வேண்டுமாம்.

துணியை எடுத்ததும் டாக்டர் பின்னாலிருந்து மெதுவாகக் கூப்பிட்டார். இவர் திரும்பினார். என் கண் கலங்கிவிட்டது. வெளியே பஞ்சும் பிளாஸ்திரியுமாக நடந்தவர், “காலைத் தூக்கி வச்சு நடடா, தரையைத் தேய்க்காத,” என்று என்னைத் திட்டினார். அந்தத் திட்டு எனக்கு இனித்தது.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. அண்ணி வெங்காயம் நறுக்கியபடி போனில் தங்கையோடு பேசிக்கொண்டிருந்தார். இவர் உள்ளே நுழைந்ததைப் பார்த்தார், தலையை ஆட்டினார், பேச்சை நிறுத்தவில்லை. இவர் எதிரிலேயே எல்லாவற்றையும் பேசிப் பழகிவிட்டிருந்தார். நான் வெளியே செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

“நாளைக்குத் துணியை எடுக்குறாங்கடி. கேக்க ஆரம்பிச்சா போச்சு. போன்ல யாரு, ஏன் சிரிச்ச, எங்க போன... பழைய ஜெயில்தான். அவருக்குக் கேக்காமப் போனப்புறம்தான் நானும் என் பொண்ணும் வாயைத் திறந்து பேசுறோம். பாவம்தான், இல்லேங்கல. ஆனா இப்படியே இருந்துடக் கூடாதான்னு இருக்கு.”

சொல்லிவிட்டு அழுதார். அந்த அழுகை பொய்யில்லை.

அப்புறம்தான் என்னைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. கணவர் பக்கம் திரும்பி, தன் காதைத் தொட்டு, என்ன ஆச்சு என்று கையால் கேட்டார்.

உலகத்தையே விசாரித்த மனுஷன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. “ஒண்ணும் கேக்கல,” என்று உரக்கச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

ஆபரேஷன் பலிக்கவில்லை என்று மறுநாள் வீட்டில் சொல்லிவிட்டார். என்னையும் அப்படியே சொல்லவைத்தார்.

புண் ஆறியதும் வேலைக்கு வந்தார். காதில் அடைப்பான் போடாமல் இறங்கப் போனவரை நான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

“அண்ணே, மறுபடி எலும்பு வளரும்ணே.”

“வளரட்டும்னுதான்டா இறங்குறேன்.” கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டார். “ஆனா அது வளர வருஷக்கணக்காகுமே. அதுவரைக்கும் அந்த வீட்டுல நான் எப்படிடா கேக்காதவனா உக்காந்திருப்பேன்?”