றோசம்மாவுக்குப் போட்ட துளை

அரிப்பு ஊர் அமிர்தநாயகம் கடுகிலும் மூன்று துளை போடுவார். நம்பாதவர்கள் கடுகோடு போய்ப் பாருங்கோ. மனைவி றோசம்மாவின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த கையோடு, பந்துருட்டும் போலிங் மண்டபத்துக்கு, பந்துகளில் விரல்துளை போடும் தன் வேலைக்கு வந்தார். முகத்தில் ஒன்றுமில்லை.

அங்கே விளையாடும் வேணுஜா துளை போடப் புதுப் பந்து கொண்டுவந்தாள். பந்துக்குள் இருக்கும் பாரத்தின் உச்சியைக் காட்டும் புள்ளிக்குக் கீழே விரல்துளை போட்டால் பந்து கடைசியில் வெட்டித் திரும்பும். மேலே போட்டால் முந்தியே வளையும். அவள் கீழே கேட்டாள். அவர் மேலே போட்டுவிட்டார்.

“அங்கிள், பாதியிலயே வளையுது! நாளைக்குப் போட்டி!”

“றோசம்மாவுக்கு இப்பிடித்தான் போடுறனான், பிள்ளை. துளைய அடைச்சுத் திருப்பிப் போடலாமெண்டா, அடைச்சது நாளைக்குள்ள காயாது.”

வேணுஜாவுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை.

“அப்ப, முந்தியே வளையிற பந்தை அவ எங்க நிண்டு உருட்டுவா?”

அவர் பந்தோடும் தடத்தின் முன்னால் போய், இடப்பக்கம் தள்ளி நின்று காட்டினார். பிறகு கூப்பிட்டும் நகரவில்லை.