செங்கோட்டை ரோட்டில் அணைந்த பின்விளக்கு

அப்பா இறந்த பிறகு எங்கள் வாடகைச் சாமான் கடையைப் பிரித்தபோது, பிக்கப் வேனும் பாத்திரங்களும் அண்ணனுக்குப் போயின. டிரெய்லரும் பந்தல் சாமான்களும் எனக்கு வந்தன. சொந்தக்காரர்கள் கூடி உட்கார்ந்து செய்த பாகம் அது. இழுக்கிற வண்டியை ஒருத்தனுக்கும் இழுபடுகிற வண்டியை இன்னொருத்தனுக்கும் கொடுத்தால் என்ன ஆகும் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

பிரிக்கச் சொன்னவன் நான்தான். ஒரே ஊரில், ஒரே தெருக்களில், கல்யாணத்துக்குக் கல்யாணம் அண்டாவையும் ஜமக்காளத்தையும் இறக்கி ஏற்றிக்கொண்டிருக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பந்தல் வேலையைத் தனியாக எடுத்துச் செய்து திருநெல்வேலி வரை போகவேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. நான் வாய்விட்டுக் கேட்ட அன்றோடு அண்ணன் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். தொழில் நிற்கவில்லை. என் டிரெய்லரை அவர் வேன்தான் இழுத்தது. பேசவேண்டியதை எல்லாம் மதினி வழியாகப் பேசிக்கொண்டோம்.

ஐம்பதுகளின் கடைசி அது. வேன், யுத்தம் முடிந்தபின் ராணுவம் கழித்துவிட்ட வண்டி. அப்பா வாங்கிப் போட்டது. பழசானாலும் அதன் பின்விளக்கு ஒழுங்காக எரியும். டிரெய்லரைப் பூட்டினால் டிரெய்லரின் விளக்குகள்தான் வம்பு பண்ணின. எரியும், மங்கும், அண்ணன் பிரேக்கை மிதித்தால் பிரகாசமாவதற்குப் பதிலாகச் செத்துப்போகும். குற்றாலத்தில் சீசன் நேரம். ரோடெல்லாம் வெளியூர்க் கார்கள். போலீஸ்காரர் ஒருவர் இரண்டு தடவை நிறுத்தி எச்சரித்துவிட்டார்.

அன்றைக்குப் பண்பொழியில் ஒரு கல்யாண வீட்டுக்குப் பந்தல் போட நான் ஒத்துக்கொண்டிருந்தேன். முகூர்த்தம் மறுநாள் காலையில். மூங்கிலும் தகரமும் கட்டி ஏற்றியாகிவிட்டது. விளக்கு எரியாமல் வண்டி கிளம்பாது என்று அண்ணன் சொல்லிவிட்டதாக மதினி வந்து சொன்னாள். மத்தியானம் கடைக்குப் பின்னால் வண்டியை நிறுத்தி மூன்று பேரும் பார்த்தோம். மதினி டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தாள். அண்ணன் வேனுக்கு அடியில் கிடந்தார். நான் டிரெய்லருக்குப் பின்னால் நின்றேன்.

"எரியுதான்னு கேளு" என்றார் அண்ணன்.

"எரியுதான்னு கேக்காவ" என்றாள் மதினி.

"ஒண்ணுதான் எரியுது. அதுவும் மினுக்கு மினுக்குன்னு."

"ஒண்ணுதான் எரியுதுன்னு உங்க தம்பி சொல்லுதாவ."

பல்பை மாற்றினேன். ஹோல்டரை உப்புத்தாள் வைத்துத் தேய்த்தேன். வேனிலிருந்து வரும் பிளக்கின் முனைகளில் சாரல் ஈரத்தில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. அண்ணன் அதைச் சுரண்டினார். கொஞ்ச நேரம் நன்றாக எரிந்தது. நான் டிரெய்லரை ஒரு தள்ளுத் தள்ளினேன். அணைந்துவிட்டது.

கடையில் கிடந்த இன்னொரு பேட்டரியை எடுத்துவந்து, இரண்டு ஒயரை நேராக டிரெய்லர் பல்புகளுக்குக் கொடுத்தேன். பளிச்சென்று எரிந்தன.

"டிரெய்லர்ல கோளாறு இல்லைன்னு சொல்லுங்க மதினி."

அண்ணன் எழுந்து வந்து, வேனின் பிளக்கில் சோதனை பல்பை வைத்துக் காட்டினார். அதுவும் பளிச்சென்று எரிந்தது.

"வேன்ல கோளாறு இல்லைன்னு சொல்லு."

மதினி சீட்டைவிட்டு இறங்கினாள். "எனக்குக் காலு மரத்துப்போச்சு. அடுப்புல உலை கொதிக்குது. வண்டி ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. நீங்களே பேசிக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அண்ணன் ஒரு கட்டையைத் தேடி எடுத்து, சீட்டுக்கும் பிரேக்குக்கும் நடுவில் முட்டுக்கொடுத்துவிட்டு, தானே பின்னால் வந்து பார்த்தார். எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. வாசலுக்குப் போனேன். மலைப் பக்கம் மேகம் இறங்கியிருந்தது. திரும்பி வந்தேன். இறுகியே கிடந்த கயிற்றை மறுபடி இறுக்கினேன். பண்பொழியில் கல்யாண வீட்டார் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பது கண்முன் வந்து போனது. நாலு மணிக்கு மேல் ஆனதும் பொறுக்கமாட்டாமல் வேனின் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். அண்ணன் என்னைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், ஏறி வண்டியை எடுத்தார்.

இருட்டுவதற்குள் போய்விடலாம் என்றுதான் இருவருமே நினைத்திருப்போம். நான் டிரெய்லரில் தகரக் கட்டின் மேல், பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தேன். காலுக்குக் கீழே விளக்குகள். குனிந்தால் தெரியும். இலஞ்சி வருவதற்குள்ளேயே சாரல் பிடித்துக்கொண்டது. பொழுது வழக்கத்தைவிடச் சீக்கிரம் மங்கியது. அண்ணன் விளக்கைப் போட்டார். எரிந்தது. ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்ததும் அணைந்தது. தகரத்தைத் தட்டினேன். மழைச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை.

இலஞ்சியைத் தாண்டி, செங்கோட்டை ரோட்டில் ஒரு வளைவில் முன்னால் மாடுகள் குறுக்கே வந்திருக்கின்றன. எனக்கு அது தெரியாது. வண்டி சட்டென்று நின்றது, அதுதான் தெரியும். பின்னால் பஸ் ஒன்று வந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கம் சிவப்பு என்று ஒரு பொட்டுக்கூட இல்லை. பஸ்ஸின் இரண்டு முகவிளக்குகளும் என் முழங்காலை நோக்கி வளர்ந்தன. ஹாரன் அலறியது. டயர் வழுக்கும் சத்தம். காலை மேலே தூக்கிக்கொண்டு மூங்கிலைக் கட்டிப்பிடித்தேன். ஒரு கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் பஸ் நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு, ஒதுங்கிப் போனார்.

அண்ணன் ஓடி வந்தார். செருப்பு ஒன்று காலில் இல்லை.

"ஏலே, அடி பட்டுச்சா?"

"இல்ல."

"கீழ எறங்கு. எறங்குலே முதல்ல."

இறங்கினேன். அவர் என் தோளைப் பிடித்து அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் இல்லை என்று உறுதியானதும் ஏச ஆரம்பித்தார்.

"ஒனக்கு எதுலதான்லே பொறுமை? நிக்க மாட்டே, இருக்க மாட்டே. அப்பா போயி ஒரு வருசம் முடியல, பிரிச்சுக் கொடுங்கிறே. பிரிச்ச மறுநாளே டிரெய்லருக்குப் பச்சைப் பெயிண்டு. அப்பா அடிச்ச கலரு ஒரு பொட்டுத் தெரியக்கூடாது ஒனக்கு. சக்கரம், சட்டம், கொக்கி மாட்டுத வளையம், ஒரு எடம் பாக்கி விட்டியாலே…"

நிறுத்திவிட்டார். நான் பதிலுக்குக் கத்துவதற்கு வாயைத் திறந்திருந்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வளையத்தைப் பார்த்தோம்.

வேனிலிருந்து ஒயர் வழியாகப் போகும் கரண்ட், இரும்பு வழியாகத்தான் வேனுக்குத் திரும்பி வரவேண்டும். அதை எர்த் என்போம். டிரெய்லரும் வேனும் இரும்போடு இரும்பாகத் தொட்டுக்கொள்கிற இடம் அந்த வளையம் ஒன்றுதான். அதன் உள்பக்கம்கூட விடாமல் நான் கெட்டியாகப் பெயிண்ட் பூசியிருந்தேன். பெயிண்ட் தேய்ந்த இடம் கொக்கியில் பட்டால் எரியும். வண்டி குலுங்கி இடம் மாறினால் அணையும்.

"கத்தி இருக்கா?" என்றார்.

கயிறு அறுக்கிற கத்தி இடுப்பில் இருந்தது. அவர் டிரெய்லரைத் தாங்கிப் பிடிக்க, நான் வளையத்தைச் சுரண்டினேன். பிறகு அவர் ஒரு துண்டு ஒயரை எடுத்து, வேன் சட்டத்தில் ஒரு நுனியையும் டிரெய்லர் சட்டத்தில் மறு நுனியையும் நட்டுப் போட்டு முடுக்கினார். போய் பிரேக்கை மிதித்தார்.

"எரியுதாலே?"

"எரியுது."

"ரெண்டுமா?"

"ரெண்டுந்தான்."

பண்பொழி போய்ச் சேர்ந்தபோது கல்யாண வீட்டார் குடையும் கோபமுமாக நின்றார்கள். அண்ணன் அவர்களிடம் வண்டிக் கோளாறு என்று மட்டும் சொன்னார். பந்தலுக்குக் கால் நட எனக்கு ஆள் போதவில்லை. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூங்கிலைப் பிடித்தார். வேலை நடந்த நேரமெல்லாம் என்னை ஏசிக்கொண்டே இருந்தார். நானும் விடவில்லை. கல்யாண வீட்டார் எங்களை விலக்கிவிட இரண்டு முறை வந்தார்கள்.

அதன் பிறகு பேச்சு நின்றதே இல்லை. சண்டை நின்றதும் இல்லை. என் பரபரப்பும் அடங்கவில்லை. அடுத்த சீசன் வருவதற்குள் டிரெய்லரை அவரிடமே விட்டுவிட்டு, திருநெல்வேலியில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். நான் கிளம்பிய அன்று, "அங்கனயாவது ஒரு எடத்துல இருப்பியா?" என்று கேட்டார். தெரியாது என்றேன்.

சாமான் வாங்க டவுனுக்கு வரும்போதெல்லாம் பட்டறை வாசலில் வேனை நிறுத்தி ஹாரன் அடிப்பார். உள்ளே வரமாட்டார். நான் கையைத் துடைத்துக்கொண்டு போய் முன்சீட்டில் ஏறுவேன். மதினி நடுவில் நகர்ந்து இடம் விடுவாள். பாத்திரக் கடை வந்து சேரும்வரை அவள் தலைக்கு மேலாக நாங்கள் இரண்டு பேரும் கத்திக்கொண்டே போவோம்.