அப்பா தமிழில் சொன்ன விண்வெளிப் போர்கள்

கடற்காற்றில் ஊறிய வழவழப்பான தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும்; அப்பா விரலில் எச்சில் தொட்டு அவற்றைப் பிரிக்கும்போது எழும் பூஞ்சை வாசனைதான் எனக்கு ஞாயிற்றுக்கிழமை. வைத்திக்குப்பத்தில் எங்கள் தெருவுக்கே அப்பா "சொல்தா", அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து, இந்தோசீனாவில் சண்டை போட்டுவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர். பிரான்சுக்குக் கிளம்பிப்போன குடும்பங்கள் எடைக்குப் போட்ட படக்கதைப் புத்தகங்களைப் பழைய பேப்பர் கடையில் தேடி வாங்கி வருவார். எல்லாமே விண்வெளிப் போர்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எனக்கும் அண்ணனுக்கும் அவற்றைத் தமிழில் வாசித்துக்காட்டுவார். நட்சத்திரங்களுக்கு நடுவே ஊர் அளவுக் கப்பல்கள் அணிவகுத்து நிற்கும். தளபதி ஒரு சொல் சொன்னால் அத்தனையும் ஒன்றாகத் திரும்பும். அந்த ஒழுங்கில்தான் நாங்கள் சொக்கிப்போனோம். ஊரில் இருந்த துணி மில் மூடிவிட்டதால் எங்கள் தெருவில் பாதிப் பேர் செய்வதறியாமல் திரிந்தார்கள். அந்தக் கப்பலிலோ சமையல்காரனுக்குக்கூட ஓர் இடமும் பதவியும் இருந்தன, எதிரி யார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தக் கப்பல் வெடித்தாலும் அப்பா பக்கத்தைத் திருப்பியபடியே, "எல்லாரும் எறங்கிட்டாங்க, சின்னக் கப்பல் வந்து ஏத்திக்கிட்டுப் போயிடுச்சி" என்பார். யாரையும் விட்டுவிட்டு வராத படை. விளையாட்டில் அண்ணன் தளபதி, நான் "ரேடியோக்காரி".

பள்ளியில் பிரெஞ்சு கொஞ்சம் பிடிபட்டதும் நானே ஒரு புத்தகத்தை எடுத்துப் படித்தேன். வெடித்த கப்பலின் கீழே ஒரே வரி: யாரும் பிழைக்கவில்லை. அடுத்த புத்தகத்திலும் அப்படித்தான். அப்பா சொன்ன சின்னக் கப்பல் எதிலுமே இல்லை. பிரெஞ்சு வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டுக் கடற்கரையில் கிடக்கும் அண்ணனிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவன் சிரித்தான்.

"சண்டைக்குப் போனது அப்பாவா, நீயா? அவருக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடுச்சி?"

பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீட்டுப் பையன் வயது வந்ததும் பட்டாளத்துக்குப் போவது எங்கள் ஊரில் கல்லூரிக்குப் போவது மாதிரிதான். அண்ணனும் புறப்பட்டான். அன்று காலை இட்லியைத் தொடாமல் உட்கார்ந்திருந்த அப்பா, முதல் முறையாக உண்மையைச் சொன்னார்: ஓர் ஆற்றங்கரையில் அவருடைய கூட்டாளிகள் காத்துக்கொண்டிருந்ததையும், அவர்களை ஏற்றிவரப் படகு திரும்பிப் போகாததையும். "போவாதடா" என்றார். வயதானவருக்குப் பிள்ளையைப் பிரிகிற பயம் என்று அண்ணன் நினைத்துக்கொண்டான். "அதெல்லாம் வந்து ஏத்திக்குவாங்கப்பா" என்று அவருக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனான்.

இரண்டாம் வருடம் பிரெஞ்சு அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வந்தார். ஆப்பிரிக்காவில் ஏதோ பாலைவனத்தில் லாரி கவிழ்ந்துவிட்டது என்றார். அப்பா விடாமல் கேட்கவும், தயங்கித் தயங்கி மீதியையும் சொன்னார். அடியில் சிக்கிய அண்ணன் விடியும்வரை உயிரோடு இருந்திருக்கிறான், கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறான், மீட்க யாரும் போய்ச் சேரவில்லை. பிரெஞ்சு தெரியாத அம்மா அப்பாவின் முகத்தையே பார்த்தாள்.

"ஒடனே போயிட்டானாம்" என்றார் அப்பா. "வலியே தெரியலயாம்."

பக்கத்தில்தான் நின்றேன். அதிகாரி சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது.

அப்பா காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. புத்தகங்களைக் கரையான் தின்றுவிட்டது. அவற்றை எடைக்குப் போட்டவர்களின் வீடுகள் இன்று ஓட்டல்கள். எங்கள் தெருவில் சொல்தா என்று கூப்பிட ஒருவரும் இல்லை. அந்தக் கதைகள் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம்தான், அவற்றைச் சொன்ன அப்பா மேல் அதைவிட அதிகம். ஆனாலும் எங்காவது திரையில் விண்கப்பல்கள் அணிவகுத்தால் நின்று பார்த்துவிடுகிறேன், வெட்கமாக இருக்கிறது.

யாராவது அண்ணனைப் பற்றி விசாரித்தால் அம்மா, "எம்புள்ளைக்கு வலியே தெரியலயாம்" என்கிறாள். சொல்லிவிட்டு, இப்போதெல்லாம் என் பக்கம் திரும்பிப் பார்க்கிறாள். வீட்டில் பிரெஞ்சு தெரிந்த ஆள் நான் ஒருத்திதான் மிச்சம்.

"ஆமாம்மா" என்கிறேன்.